நீர்மின் நிலையம் எப்படி மின்சாரம் தருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணை பார்க்கப் போகிறவர்கள், மதகு திறந்து வெள்ளையாக நுரைத்துக் கொட்டும் தண்ணீரைக் காட்டி, "இதிலிருந்துதான் கரண்ட் எடுக்கிறார்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்வார்கள். உண்மையில் அது மின்சாரம் தராமலே வெளியேறுகிற தண்ணீர். மின்சாரம் தருகிற தண்ணீர் யார் கண்ணிலும் படாமல் குழாய்க்குள் இறங்கி, பவர் ஹவுஸின் அடியில் வேலையை முடித்துக்கொண்டு ஆற்றில் சேர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாதையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தண்ணீருக்குள் மின்சாரம் இருக்கிறதா? அதைத்தான் பிரித்தெடுக்கிறார்களா?

இல்லை. தண்ணீர் இங்கே வெறும் எடை. உயரத்தில் இருக்கும் எடை கீழே இறங்கும்போது வேலை செய்யும். அந்த வேலையைத்தான் மின்சாரமாக மாற்றுகிறோம். தண்ணீருக்குப் பதில் மணலை விழவைத்தாலும் மின்சாரம் வரும். ஆனால் விழுந்த மணலைத் திரும்ப மலைமேல் ஏற்ற ஆளில்லை. தண்ணீரை ஏற்றச் சூரியன் இருக்கிறது. கடல்நீரை ஆவியாக்கி, மேகமாக்கி, மலைமேல் மழையாகப் பெய்யவைக்கும் அந்த வேலைக்கு நாம் எதுவும் கொடுப்பதில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1,000 லிட்டர் தண்ணீர் 367 மீட்டர் இறங்கியாக வேண்டும். 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் 1,000 லிட்டர் மாடித் தொட்டியை முழுவதும் திறந்துவிட்டால் கிடைப்பதில் 10 வாட் எல்இடி பல்பு ஒன்று ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் எரியும், அவ்வளவுதான். அணைகள் ஏன் மலைபோல் உயர்ந்து நிற்கின்றன, நீர்த்தேக்கங்கள் ஏன் கடல்போல் பரந்து கிடக்கின்றன என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

மின்சாரம் எடுத்துவிட்டால் தண்ணீரின் சத்து போய்விடுமா?

போகாது. உள்ளே போன தண்ணீர் அப்படியே வெளியே வருகிறது. குடிக்கலாம், பாய்ச்சலாம். அறிவியல்படி பார்த்தால் ஒரு சிறு வித்தியாசம் உண்டு. அருவியாக விழும் நீரின் ஆற்றல் முழுவதும் கடைசியில் வெப்பமாக மாறும். 427 மீட்டர் விழுந்தால் தண்ணீர் 1 டிகிரி செல்சியஸ் சூடேறும். டர்பைன் (நீர் தள்ளிச் சுழலவைக்கும் சக்கரம்) வழியாக வந்த நீருக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை, மின்சாரமாகக் கம்பியில் போய்விடுகிறது.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து எடுக்கும் தண்ணீர் குளிர்ந்தும் ஆக்சிஜன் குறைந்தும் இருக்கும். கீழேயுள்ள மீன்களுக்கு அது உறைக்கும். சில நிலையங்களில் டர்பைன் வழியாகவே காற்றைக் கலந்து இதைச் சரிசெய்கிறார்கள்.

அணையிலிருந்து மின்கம்பி வரை என்ன நடக்கிறது? வரிசையாகச் சொல்லுங்கள்.

தண்ணீரோடு சேர்ந்தே நடந்து போவோம். நீர்த்தேக்கத்தின் மேல்பரப்புக்கு நன்றாகக் கீழே ஒரு வாய் இருக்கும். மரக்கிளையும் குப்பையும் போகாமலிருக்க அதன் முகப்பில் இரும்புக் கம்பித் தட்டி. அதைத் தாண்டினால் ஒரு கதவு. பழுதுபார்க்க வேண்டியிருந்தால் இதை இறக்கித் தண்ணீரை நிறுத்துவார்கள். பிறகு மலையைக் குடைந்த சுரங்கமோ எஃகுக் குழாயோ. செங்குத்தாக இறங்கும் எஃகுக் குழாய்க்கு பென்ஸ்டாக் என்று பெயர். குழாயின் அடிக்கு வரும்போது தண்ணீர் பெரும் அழுத்தத்தில் இருக்கும். 100 மீட்டர் உயர நீர்த்தூண் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 10 கிலோ எடை அழுத்துகிறது என்று பொருள்.

அங்கே டர்பைனைச் சுற்றி நத்தைக்கூடு போல் சுருண்ட ஒரு குழாய் இருக்கும். வரவர ஒடுங்கும் அந்தச் சுருள், சக்கரத்தின் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நீர் பாயும்படி பங்கிட்டுக் கொடுக்கிறது. சக்கரத்தைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் அடியில் இறங்கி, போகப்போக அகலும் ஒரு வளைந்த குழாய் வழியே வெளியேறும். டிராஃப்ட் டியூப் எனப்படும் இந்தக் கடைசிக் குழாயைப் பலர் வெறும் வடிகால் என்று நினைக்கிறார்கள். அது தவறு. சக்கரத்தை விட்டு வேகமாக வெளியேறும் நீரை மெல்ல நிதானப்படுத்தி, சக்கரத்துக்கு அடியில் ஓர் உறிஞ்சலை உண்டாக்குவது அதுதான். அது இல்லாவிட்டால் தாழ்வான உயரத்தில் இயங்கும் நிலையம் தன் ஆற்றலில் பெரும்பகுதியை ஆற்றில் விட்டுவிடும்.

சக்கரத்தின் தண்டு மேலே நீண்டு ஜெனரேட்டரைச் சுழற்றும். பெரிய இயந்திரங்களில் 11,000 முதல் 20,000 வோல்ட் வரை மின்சாரம் பிறக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அதை 1,10,000, 2,20,000, 4,00,000 என்று ஏற்றி விடும். வோல்ட் உயர்ந்தால் அதே ஆற்றலைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்பலாம். கம்பி சூடாகி வீணாவது குறையும்.

உயரம் முக்கியமா, தண்ணீரின் அளவு முக்கியமா?

இரண்டின் பெருக்கல்தான் முக்கியம். விநாடிக்கு எத்தனை கனமீட்டர் நீர் என்பதை விழும் உயரத்தால் பெருக்கி, 9.81-ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். அதில் பத்தில் ஒன்றை இழப்பாகக் கழித்துவிடுங்கள். விநாடிக்கு 1 கனமீட்டர், 100 மீட்டர் உயரம் என்றால் சுமார் 880 கிலோவாட்.

இதை விளக்க இரண்டு நிலையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். சுவிட்சர்லாந்தின் பியூத்ரோன் நிலையத்தில் தண்ணீர் 1,883 மீட்டர் இறங்குகிறது. விநாடிக்கு வெறும் 25 கனமீட்டர் நீரில் ஒரு டர்பைன் 423 மெகாவாட் தருகிறது. பிரேசிலும் பராகுவேயும் பரானா ஆற்றின் குறுக்கே சேர்ந்து கட்டிய இட்டாய்பூவில் உயரம் 120 மீட்டருக்கு உட்பட்டதுதான். அங்கே ஒரு டர்பைன் 700 மெகாவாட் தர விநாடிக்குச் சுமார் 700 கனமீட்டர் வேண்டியிருக்கிறது. ஒன்று மலையின் செல்வம், மற்றொன்று ஆற்றின் செல்வம்.

டர்பைனில் ஏன் இத்தனை வகை? ஒரே சக்கரம் எல்லா இடத்துக்கும் ஆகாதா?

ஆகாது. நீர் வருகிற விதம் இடத்துக்கு இடம் மாறும்போது, அதை வாங்கிக்கொள்ளும் கையும் மாறித்தான் ஆக வேண்டும்.

மிக உயரத்திலிருந்து கொஞ்சம் நீர் வருகிற இடத்தில் பெல்டன் சக்கரம். கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில் வாழ்ந்த லெஸ்டர் பெல்டன் 1880-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தின் விளிம்பில் இரட்டைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். நடுவே கத்தி முனை போல ஒரு வரப்பு. முனைக்குழாயிலிருந்து பீய்ச்சும் நீர் அந்த வரப்பில் பட்டு இரண்டாகப் பிரிந்து, கிண்ணத்துக்குள் வழுக்கி, ஏறத்தாழ வந்த திசைக்கே திரும்பிவிடும். 1,000 மீட்டர் உயரம் என்றால் அந்தப் பீய்ச்சல் விநாடிக்கு 140 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். கிண்ணம் அதில் பாதி வேகத்தில் ஓடும்படி அமைத்திருப்பார்கள். கணக்கு எவ்வளவு அழகானது என்று பாருங்கள்: பாதி வேகத்தில் விலகிப்போகும் கிண்ணத்தில் பட்டுத் திரும்பும் நீர், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேகமே இல்லாமல் தொப்பென்று கீழே விழும். அத்தனை வேகத்தையும் சக்கரம் வாங்கிக்கொண்டுவிட்டது.

நடுத்தர உயரங்களுக்குப் பிரான்சிஸ் டர்பைன். ஜேம்ஸ் பிரான்சிஸ் 1849-இல் அமெரிக்காவின் லோவல் நகரில் இதை வடிவமைத்தார். இங்கே பீய்ச்சல் கிடையாது. சக்கரம் முழுவதும் நீரில் மூழ்கியிருக்கும். பக்கவாட்டில் நுழையும் நீர் வளைந்த தகடுகளுக்கு இடையே திரும்பிக் கீழ்நோக்கி வெளியேறும். உலகின் பெரிய நிலையங்களில் மிகுதியாக இருப்பது இதுதான்.

உயரம் குறைவு, நீர் ஏராளம் என்றால் கப்ளான். ஆஸ்திரியப் பொறியாளர் விக்டர் கப்ளான் 1913 வாக்கில் உருவாக்கியது. பார்க்கக் கப்பலின் பின்புற விசிறி போலவே இருக்கும். ஆனால் இறக்கைகளின் சாய்வை ஓடும்போதே மாற்றலாம் என்பதால், ஆற்றில் நீர் கூடினாலும் குறைந்தாலும் திறன் அதிகம் கெடாது. இதையே படுக்கவைத்து, ஜெனரேட்டரை நீருக்குள்ளே ஒரு கூட்டில் அடைத்தால் பல்ப் டர்பைன். பிரான்சில் 1966-இல் தொடங்கிய லா ரான்ஸ் கடல் ஓத மின் நிலையத்தில் இப்படி 24 இயந்திரங்கள் உள்ளன.

ஜெனரேட்டருக்குள் என்னதான் நடக்கிறது?

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது: காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று கடந்து நகர்ந்தால் கம்பியில் மின்னோட்டம் எழும். நீர்மின் ஜெனரேட்டரில் நடுவே சுழல்வது மின்காந்தங்கள் பதித்த ஒரு பெரிய சக்கரம். அதைச் சுற்றி அசையாமல் நிற்பது செப்புக் கம்பிச்சுருள்கள்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. கம்பியிலிருந்து யாரும் மின்சாரம் எடுக்காதபோது அந்தச் சக்கரத்தைச் சுழற்றுவது எளிது. மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும், கம்பியில் ஓடும் மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கிச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுப்பை மீறிச் சக்கரத்தைத் தள்ளுவதுதான் தண்ணீர் செய்கிற வேலை முழுவதும்.

பெரிய டர்பைன்கள் மெதுவாகத்தானே சுற்றுகின்றன? பிறகு எப்படி விநாடிக்கு 50 சுற்று மின்சாரம் வரும்?

காந்தங்களின் எண்ணிக்கையால். ஒரு ஜோடிக் காந்த முனை கடக்கும்போது ஒரு அலை பிறக்கும். முனைகள் நிறைய இருந்தால் மெதுவாகச் சுற்றினாலே போதும். 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை கொண்ட மின்சாரத்துக்கு, 6,000-ஐ முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரியும். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 80 முனைகள் கொண்ட இயந்திரங்கள் நிமிடத்துக்கு 75 சுற்றுதான் சுற்றுகின்றன. பியூத்ரோனில் 14 முனைகள், நிமிடத்துக்கு 428 சுற்றுக்குச் சற்று மேல்.

இட்டாய்பூவில் இதைவிடச் சுவையான ஏற்பாடு. பராகுவேயில் 50 ஹெர்ட்ஸ், பிரேசிலில் 60 ஹெர்ட்ஸ். ஆகவே 20 இயந்திரங்களில் 10 இயந்திரங்களுக்கு 66 முனைகள், மற்ற 10 இயந்திரங்களுக்கு 78 முனைகள். ஒரே அணை, ஒரே ஆறு, இரண்டு துடிப்புகள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்குப் போட்டால், அது மலையில் இருக்கும் டர்பைனுக்கு எப்படித் தெரிகிறது?

சுழலும் வேகத்தில் தெரியும். இதற்குத் தனியாக யாரும் தகவல் சொல்ல வேண்டியதில்லை. மின் தொகுப்பில் இணைந்திருக்கும் எல்லா ஜெனரேட்டர்களும் கைகோத்துக்கொண்டது போல ஒரே துடிப்பில் சுழல்கின்றன. தேவை கூடினால் மேலே சொன்ன காந்த இழுப்பு கூடும். எல்லாச் சக்கரங்களும் இம்மியளவு வேகம் குறையும். 50 ஹெர்ட்ஸ் 49.9 ஆகும். ஒவ்வொரு டர்பைனிலும் கவர்னர் என்றொரு கருவி அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேகம் குறைந்ததும் எண்ணெய் அழுத்தத்தால் ஒரு வளையத்தைத் திருப்பும். சக்கரத்தைச் சுற்றியுள்ள வழிகாட்டித் தகடுகள் எல்லாம் ஒன்றாகச் சற்றுத் திறந்துகொள்ளும். நீர் கூடும், வேகம் மீளும்.

இதிலும் ஒரு வியப்பு. தகடுகளைத் திறந்த முதல் கணத்தில் மின்சாரம் கூடாது, சற்றே குறையும். குழாயில் நிற்கும் நூற்றுக்கணக்கான டன் நீர் வேகம் பிடிக்க நேரமாகும். அதற்குள் வாசல் மட்டும் அகன்றுவிட்டதால் அழுத்தம் தாழ்ந்துவிடும். ஓரிரு விநாடிகளில் எல்லாம் சரியாகிவிடும். கவர்னரை வடிவமைப்பவர்கள் இந்தத் தலைகீழ் நடத்தையை அறிந்து, அவசரப்படாமல் பொறுமையாகத் திறக்கும்படி அதைப் பழக்குவார்கள்.

ஆபத்து என்றால் உடனே வால்வை மூடிவிட வேண்டியதுதானே?

உடனே மூடுவதுதான் ஆபத்து. வீட்டில் குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். ஓடிவந்த நீர் மோதி நிற்கும் சத்தம் அது. பென்ஸ்டாக்கில் அதே அடி பூதாகரமாக விழும். குழாயில் நீரின் வேகத்தை ஒரே கணத்தில் விநாடிக்கு 1 மீட்டர் குறைத்தால், அழுத்தம் 100 மீட்டர் நீர்த்தூணுக்கு மேல் எகிறும். விநாடிக்கு 5 மீட்டரில் ஓடும் நீரைப் பட்டென்று நிறுத்தினால் என்னாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெதுவாக மூடலாம் என்றால் இன்னொரு சங்கடம். மின்னல் விழுந்து மின்பாதை துண்டிக்கப்பட்டால் காந்த இழுப்பு ஒரே கணத்தில் மறைந்துவிடும். தள்ளும் நீர் அப்படியே இருக்க, தடுக்க எதுவும் இல்லை. சக்கரம் வெறிபிடித்தது போல் வேகமெடுக்கும். நிறுத்தாவிட்டால் வழக்கமான வேகத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை போகும். வேகமாக மூடினால் குழாய் வெடிக்கும், மெதுவாக மூடினால் சக்கரம் சிதறும்.

இந்த இக்கட்டுக்கு விடையாக நிற்பதுதான் சர்ஜ் டேங்க். சுரங்கம் முடிந்து பென்ஸ்டாக் தொடங்கும் இடத்தில், மலையில் செங்குத்தாகக் குடைந்த கிணறு போன்ற ஒரு தொட்டி. டர்பைன் மூடிக்கொண்டால், சுரங்கத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓடிவரும் நீர் மோதி நிற்காமல் இந்தத் தொட்டியில் ஏறிவிடும். பிறகு மெல்ல ஏறி இறங்கி அடங்கும். திடீரென்று நீர் கேட்டாலும் முதலில் கொடுப்பது இதுதான். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத இந்தத் தொட்டியை நீர்மின் நிலையத்திலேயே மிக நேர்த்தியான அமைப்பு என்று நான் நினைக்கிறேன்.

எவ்வளவு வீணாகிறது?

மிகக் குறைவு. நல்ல டர்பைன் 90 முதல் 95 சதவீதம் வரை, ஜெனரேட்டர் 97 சதவீதத்துக்கு மேல். குழாய் உராய்வையும் சேர்த்தால் மொத்தத்தில் 85 முதல் 90 சதவீதம் மின்சாரமாகிவிடும். நிலக்கரி நிலையங்கள் எரிபொருளின் வெப்பத்தில் பாதியைக்கூட மின்சாரமாக்குவதில்லை. வெப்பத்தை வேலையாக மாற்றுவதில் இயற்கையே ஓர் எல்லை போட்டிருக்கிறது. தண்ணீர் விழுவதில் வெப்பம் நடுவில் வருவதில்லை, ஆகவே அந்த எல்லை இதற்குப் பொருந்தாது.

மெகாவாட் அதிகமென்றால் மின்சாரமும் அதிகம்தானே?

எப்போதும் அப்படி இல்லை. மெகாவாட் என்பது ஒரே நேரத்தில் தரக்கூடிய உச்ச அளவு; ஆண்டு முழுவதும் எவ்வளவு தந்தது என்பது வேறு. மூன்று பள்ளத்தாக்கின் திறன் 22,500 மெகாவாட், இட்டாய்பூவின் திறன் 14,000 மெகாவாட். ஆனால் 2016-இல் இட்டாய்பூ 10,300 கோடி யூனிட் உற்பத்தி செய்து உலக சாதனை படைத்தது. அதை மூன்று பள்ளத்தாக்கு 2020-இல்தான், 11,180 கோடி யூனிட்டோடு முறியடித்தது. பரானா ஆறு ஆண்டு முழுவதும் ஓரளவு சீராக ஓடுகிறது. மூன்று பள்ளத்தாக்கு அணை நிற்கும் யாங்சி ஆற்றில் மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் பெரிய வேறுபாடு. ஒரு நிலையத்தை மதிப்பிடும்போது மெகாவாட்டை மட்டும் பார்க்காமல் ஆற்றின் குணத்தையும் பாருங்கள்.

நீர்மட்டம் குறைந்தால் உற்பத்தி எந்த அளவுக்குப் பாதிக்கும்?

இரண்டு பக்கமும் அடி விழும். விழும் உயரம் குறைவதால் ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைப்பது குறையும். அழுத்தம் குறைவதால் குழாய் வழியே வரும் நீரும் குறையும். இன்னும் இறங்கினால் நீர் புகும் வாயருகே சுழல் உண்டாகி, காற்று உள்ளே இழுக்கப்படும்; அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவின் ஹூவர் அணையில் 2022-இல் நீர்மட்டம், 1930-களில் முதன்முதலாக நிரம்பியதற்குப் பிறகு இல்லாத அளவுக்குத் தாழ்ந்தது. தாழ்ந்த மட்டத்திலும் ஓடக்கூடிய சக்கரங்களை அங்கே சில இயந்திரங்களில் மாற்றியிருக்கிறார்கள்.

பெரிய அணை இல்லாமல் முடியாதா?

முடியும். ஆற்றின் ஒரு பகுதியை வாய்க்காலில் திருப்பி, மலைச்சரிவு வந்ததும் குழாயில் இறக்கி, டர்பைனைச் சுற்றவைத்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவிடலாம். சேமிப்பு கிடையாது என்பதுதான் குறை. ஆறு எப்போது தருகிறதோ அப்போதுதான் மின்சாரம். திருப்பிவிட்ட இடத்துக்கும் திரும்பச் சேரும் இடத்துக்கும் நடுவே ஆறு வறண்டுபோகாமல் குறைந்தபட்ச நீரை விட்டாக வேண்டும்.

தண்ணீரைத் திரும்ப மேலே பம்ப் செய்யும் நிலையங்கள் இருக்கின்றனவாமே. அது வீண் வேலை இல்லையா?

உற்பத்தி என்று பார்த்தால் நஷ்டம்தான். 100 யூனிட் செலவழித்து ஏற்றினால் 70 முதல் 80 யூனிட்தான் திரும்ப வரும். ஆனால் அது பிறப்பது வேறு நேரம். நள்ளிரவில் கேட்பாரற்றுக் கிடக்கும் மின்சாரம், மாலை ஏழு மணிக்கு எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. நண்பகலில் சூரியத் தகடுகள் மிகுதியாகத் தருவதையும் காற்றாலைகள் இரவில் தருவதையும் எடுத்து வைக்க இவ்வளவு பெரிய பாத்திரம் வேறெங்கே கிடைக்கும்? பெரும்பாலும் ஒரே இயந்திரம்தான் இரண்டு வேலையும் செய்யும்: ஒரு திசையில் சுற்றினால் டர்பைன், எதிர்த்திசையில் பம்ப்.

வேல்ஸ் நாட்டில் 1984-இல் திறக்கப்பட்ட டினார்விக் நிலையம் ஒரு பழைய கற்சுரங்க மலைக்குள்ளே இருக்கிறது. அங்கே டர்பைனைச் சுற்றியுள்ள நீரை அழுத்தப்பட்ட காற்றால் கீழே தள்ளிவிட்டு, சக்கரத்தை வெறும் காற்றில் சுழலவிட்டுக் காத்திருப்பார்கள். தேவை வந்ததும் நீரை விட்டால், 20 விநாடிக்குள் 1,320 மெகாவாட்டை எட்டிவிடும்.

நாடு முழுக்க மின்தடை வந்தால், முதலில் நீர்மின் நிலையங்களைத்தான் இயக்குவார்களாமே?

பெரும்பாலும் ஆம். அனல் நிலையம் தொடங்கவே நிறைய மின்சாரம் வெளியிலிருந்து வேண்டும்: விசிறிகள், பம்புகள், நிலக்கரி அரைக்கும் ஆலைகள். நீர்மின் நிலையத்துக்கோ எண்ணெய் அழுத்தமும், காந்தங்களை உயிர்ப்பிக்கப் பேட்டரியும் இருந்தால் போதும். தகடுகளைத் திறந்தால் சக்கரம் சுற்றும். அங்கிருந்து கம்பி வழியாக மற்ற நிலையங்களை ஒவ்வொன்றாக எழுப்புவார்கள்.

இயந்திரத்தில் எது கெடும்?

முதல் எதிரி மணல். மலையாறுகள் கொண்டுவரும் படிகக் கல்துகள் எஃகைவிடக் கடினமானது. ஒரே மழைக்காலத்தில் தகடுகளை அரித்துவிடும். இரண்டாவது எதிரி குமிழி. சக்கரத்தின் சில இடங்களில் அழுத்தம் மிகவும் தாழும்போது தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்துச் சிறு குமிழிகள் உண்டாகும். அவை அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் படாரென்று உள்நோக்கி நொறுங்கும். அந்த அடி எஃகைத் தேன்கூடு போல் துளைத்துவிடும். பக்கத்தில் நின்றால் குழாய்க்குள் கூழாங்கற்கள் உருள்வது போலக் கேட்கும்.

மூன்றாவது அதிர்வு, இதை அலட்சியம் செய்யவே கூடாது. பிரான்சிஸ் டர்பைனைப் பாதிச் சுமையில் ஓட்டினால் அடியில் வெளியேறும் நீர் கயிறு போல் முறுக்கிக்கொண்டு சுழன்று, இயந்திரத்தையே உலுக்கும். ரஷ்யாவின் சயனோ-ஷுஷென்ஸ்காயா நிலையத்தில், 2009 ஆகஸ்ட் 17 அன்று, அதிர்ந்துகொண்டிருந்த 2-ஆம் எண் டர்பைனின் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் உலோகச் சோர்வால் அறுந்தன. இயந்திரம் அப்படியே மேலே தூக்கியெறியப்பட்டது. ஏறத்தாழ 200 மீட்டர் உயர நீரின் அழுத்தம் இயந்திரக் கூடத்துக்குள் பாய்ந்தது. 75 பேர் இறந்தனர். மின்சாரம் போய்விட்டதால் அணையின் உச்சியில் இருந்த கதவுகளை ஊழியர்கள் கையால் இறக்க வேண்டியதாயிற்று. பியூத்ரோனிலும் 2000 டிசம்பரில் பென்ஸ்டாக் வெடித்து மூவர் உயிரிழந்தார்கள். அமைதியாகத் தெரியும் இந்தத் தொழிலில், ஒரு போல்ட்டைத் தட்டிப் பார்க்கும் தொழிலாளியின் கவனத்தில்தான் அத்தனை பேரின் உயிரும் இருக்கிறது.

இது முழுக்கத் தூய்மையான மின்சாரமா?

புகை இல்லை, எரிபொருள் இல்லை, சாம்பல் இல்லை. உலக மின்சாரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இதிலிருந்து வருகிறது. அந்த நன்மையைச் சொல்லும் அதே மூச்சில் விலையையும் சொல்லிவிட வேண்டும். மூன்று பள்ளத்தாக்கு அணைக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு எழுந்து போனார்கள். முட்டையிட மேலேறி வரும் மீன்களின் வழி அடைபடுகிறது. கீழ்ச் சமவெளிக்கும் கழிமுகத்துக்கும் போக வேண்டிய வண்டல் நீர்த்தேக்கத்திலேயே தங்கி, அணையையும் தூர்க்கிறது, கடற்கரையையும் மெலியவைக்கிறது. வெப்பநாடுகளில் மூழ்கிய காடு அழுகி மீத்தேன் வெளியேறுகிறது.

எல்லா அணையும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரேசிலின் அமேசான் காட்டில் உள்ள பால்பினா அணை 250 மெகாவாட்டுக்காக 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காட்டை மூழ்கடித்தது. அதே நாட்டின் எல்லையில் உள்ள இட்டாய்பூ 14,000 மெகாவாட்டுக்கு 1,350 சதுர கிலோமீட்டர் எடுத்துக்கொண்டது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் செய்த பிழையைப் பின்னால் எந்தத் தொழில்நுட்பத்தாலும் திருத்த முடியாது. அமெரிக்காவில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்தே எடுத்துவிட்டார்கள். சால்மன் மீன்கள் பழைய வழியில் மேலேறின.

முதன்முதலில் எங்கே தொடங்கியது?

இங்கிலாந்தின் கிராக்சைடு என்ற மாளிகையில் 1878-இல் ஒரு விளக்கு எரிந்தது, அருகிலிருந்த ஏரி நீரால். 1882-இல் அமெரிக்காவின் ஆப்பிள்டன் நகரில், ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் வணிக நிலையம். 1895-இல் நயாகராவில் பெரிய மாறுமின்னோட்ட நிலையம் தொடங்கி, மறு ஆண்டே பஃபலோ நகருக்கு மின்சாரம் போனது. ஆற்றங்கரையில்தான் ஆலை வைக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் அன்றோடு முடிந்தது.

பவர் ஹவுஸுக்குக் கீழே ஆறு அமைதியாகத்தானே இருக்கிறது, இறங்கிக் குளிக்கலாமா?

கூடாது. மேலே வெயிலடிக்கலாம், வானத்தில் ஒரு மேகமும் இல்லாமல் இருக்கலாம். எங்கோ ஒரு நகரத்தில் தேவை கூடியதும் டர்பைன் ஓடத் தொடங்கி, முழங்கால் அளவு நீர் சில நிமிடங்களில் ஆளை இழுக்கும் வெள்ளமாகிவிடும். சங்கு ஊதினால் உடனே கரையேறுங்கள். நடு ஆற்றுப் பாறையில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

எங்கள் நிலத்தில் ஓர் ஓடை ஓடுகிறது. அதில் சிறிய டர்பைன் வைக்க முடியுமா?

அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். நீர் முழுவதும் ஒரு வாளியில் விழும்படி செய்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் ரப்பர் குழாயை மட்டம் பார்க்கும் கருவியாக வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை உயரத்தைப் படிப்படியாக அளந்து கூட்டுங்கள். லிட்டரை மீட்டரால் பெருக்கி, 5-ஆல் பெருக்கினால் தோராயமாக எத்தனை வாட் என்று வரும். சிறிய இயந்திரங்களில் பாதிக்குப் பாதி வீணாகும் என்பதால்தான் 9.81-க்குப் பதில் 5.

விநாடிக்கு 10 லிட்டர், 20 மீட்டர் இறக்கம் என்றால் 1,000 வாட். கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் அது இரவும் பகலும் ஓடும், நாளொன்றுக்கு 24 யூனிட். வாளியை மழைக்காலத்தில் வைக்காதீர்கள். ஓடை மிகவும் மெலிந்திருக்கும் மாதத்தில் வைத்து அளந்து, அந்த எண்ணுக்குத் தகுந்த இயந்திரத்தை வாங்குங்கள்.